இலவச மாத்திரையின் விலை

2013-ஆம் ஆண்டில் நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் துறைத் தலைவராகப் பணியாற்றிக் கொண்டிருந்தேன். பருவத் தேர்வுக்கு முன்பாக, வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்கும் கீழே போன மாணவர்களின் பட்டியல் என் மேசைக்கு வரும். அந்தப் பருவத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் பெயரும் அதில் இருந்தது. நன்றாகப் படிக்கக் கூடியவர். ஆனால், மாதந்தோறும் ஒரு நாள், சில மாதங்களில் இரண்டு நாள், இடையில் தொடர்ந்து பல வாரங்கள் என்று வகுப்புக்கு வராமல் இருந்திருந்தார். சக பேராசிரியர்கள் மூவர் அமர்ந்திருந்த அறையில் அவரை நிறுத்தி வைத்து, காரணம் சொல்லாவிட்டால் தேர்வெழுத அனுமதிக்க முடியாது என்றேன். அவர் எதுவும் பேசவில்லை.

மறுநாள் அவருடைய பாட்டி வந்தார். மடியிலிருந்து ஒரு சிகிச்சைக் கையேட்டை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவர், பெற்றோர் இருவரும் இல்லை. மாதம் ஒரு நாள் மாத்திரை வாங்குவதற்கும், சில மாதங்களில் ரத்தப் பரிசோதனைக்கும், நடுவே காசநோய்க்கும் என்று கழிந்த நாள்கள் அவை. "பரீட்சை எழுத விடாட்டியும் பரவால்ல சாமி. நாலு பேருக்கு முன்னால வச்சு இனிமே கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கையெழுத்திட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற மட்டும் இன்றுவரை வழி தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் இசைவுடனும், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்தும் இதை எழுதுகிறேன். ஆண்டுதோறும் டிசம்பர் 1 அன்று உலக எய்ட்ஸ் நாள் உறுதிமொழிகளுக்கு இடையே நாம் பெருமைப்பட்டுக் கொள்ளும் புள்ளிவிவரங்களில், அவரைப் போன்றவர்களின் அனுபவம் எந்த அளவுக்குப் பதிவாகிறது என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெருமைப்படக் காரணங்கள் உண்டு; அவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வே அதை வெளிக்கொணர்ந்தது. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும், 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் உருவாயின. அரசுத் துறையின் நடைமுறைச் சிக்கல்கள் இல்லாமல் விரைந்து செயல்படுவதற்காகத் தனிச் சங்கம் அமைத்த தமிழகத்தின் வழிமுறையைப் பிற மாநிலங்கள் பின்பற்றின. 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகிறது. தொடக்கத்திலேயே அதை வழங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 2017 முதல், நோய் எதிர்ப்புத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக் காத்திருக்காமல், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்பது கொள்கையாயிற்று. அண்மை ஆண்டுகளில் டோலுடெகிராவிர் அடங்கிய, நாளொன்றுக்கு ஒரே மாத்திரை என்னும் எளிய முறை வந்துவிட்டது. 2010-உடன் ஒப்பிட்டால் 2023-இல் நாட்டில் புதிய தொற்றுகள் 44 விழுக்காடும், எய்ட்ஸ் தொடர்பான இறப்புகள் 79 விழுக்காடும் குறைந்துள்ளன என்கிறது தேசிய மதிப்பீடு.

இனி, மற்றொரு கணக்கையும் பார்ப்போம். தொற்றுள்ளோரில் 95 விழுக்காட்டினர் தம் நிலையை அறிந்திருக்க வேண்டும். அறிந்தவர்களில் 95 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருக்க வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்களில் 95 விழுக்காட்டினருக்குக் கிருமியின் அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக நாடுகள் ஏற்ற இலக்கு. 2023-24-ஆம் ஆண்டில் இந்தியாவின் நிலை முறையே 81, 88, 97. மூன்றாவது எண் இலக்கையே தாண்டிவிட்டது. மேடைகளில் அதிகம் ஒலிப்பதும் அதுவே.

இம்மூன்றும் ஒன்றன் மீது ஒன்றாக அமைந்த விழுக்காடுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. தொற்றுள்ள 100 பேரை எடுத்துக்கொண்டால், அதை அறிந்தவர்கள் 81 பேர். அவர்களில் 88 விழுக்காடு என்றால் சிகிச்சையில் இருப்பவர்கள் 71 பேர். அவர்களில் 97 விழுக்காடு என்றால் கிருமி கட்டுக்குள் இருப்பவர்கள் 69 பேர். எஞ்சியுள்ள 31 பேரில் 19 பேர் தம் நிலையை அறியாதவர்கள்; இருவர் மருந்து உட்கொண்டும் பயன் கிட்டாதவர்கள்; மீதமுள்ள 10 பேர், தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தும் சிகிச்சையில் இல்லாதவர்கள். நாட்டில் தொற்றுள்ளோர் 25.44 லட்சம் என்று 2023-ஆம் ஆண்டின் மதிப்பீடு கூறுகிறது. அப்படியானால் அந்தப் பத்து விழுக்காட்டினர் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர்.

அறியாதவர்களை அடைவது விழிப்புணர்வும் பரிசோதனையும் சார்ந்த பணி. அந்தப் பத்துப் பேரின் நிலை வேறு. அவர்கள் ஒருமுறையேனும் நம் மையத்தின் வாயிலுக்கு வந்தவர்கள், பெயர் பதிந்தவர்கள். வந்தவர்கள் ஏன் தங்கவில்லை என்பது சேவையின் தரம் பற்றிய கேள்வி. 97 என்ற எண்ணால் இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது. இடையில் நின்றுபோனவர்கள் அந்தக் கணக்கின் வகுக்கும் எண்ணிலேயே இல்லை. தேர்வுக்கு வந்தவர்களை மட்டும் கணக்கிட்டுத் தேர்ச்சி விழுக்காடு காட்டும் கல்லூரிகளை நான் அறிவேன். இதுவும் ஏறத்தாழ அத்தகையதே.

மருத்துவச் சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்பதற்கு 1966-இல் அவேடிஸ் டொனபேடியன் என்னும் அறிஞர் வகுத்துத் தந்த முறை இன்றும் பயன்படுகிறது. கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்று கோணங்களில் தரத்தைக் காண வேண்டும் என்றார் அவர். நம் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கட்டமைப்பு பெருமளவு அமைந்துவிட்டது. விளைவையும் ஓரளவு அளக்கிறோம். நடுவில் உள்ள செயல்முறையை, அதாவது ஒருவர் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாத்திரையுடன் வீடு திரும்பும் வரை அவருக்கு நேர்பவற்றை, எவரும் அளப்பதாகத் தெரியவில்லை.

பொருளியலில் வாய்ப்புச் செலவு என்றொரு கருத்து உண்டு. ஒன்றைப் பெறுவதற்காக நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பே அது. நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி பெறும் கட்டடத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சிகிச்சை மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. போய்வரப் பேருந்துக் கட்டணமும் தேநீர்ச் செலவுமாக 150 ரூபாய். மாதந்தோறும் வர வேண்டுமென்றால் ஆண்டுக்கு அவர் இழப்பது 9,000 ரூபாய். இனி மருந்தின் விலையைப் பார்ப்போம். ஒருவருக்கு ஓராண்டுக்குத் தேவையான டோலுடெகிராவிர் கூட்டு மாத்திரையை 45 டாலருக்கும் குறைவாக வாங்க இயலும் என்று உலக நிதியம் 2023-இல் அறிவித்தது. நம் பணத்தில் அது 4,000 ரூபாய்க்கும் குறைவு. அரசு இலவசமாகத் தரும் மாத்திரையைப் பெற்றுக்கொள்வதற்கு, அம்மாத்திரையின் சந்தை விலையைப்போல் இரு மடங்குக்கும் மேலாகத் தொழிலாளி செலவிடுகிறார். மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது நகரச் சாதாரணப் பேருந்துகளுக்குத்தான்; வெளியூர்ப் பேருந்துகளுக்குப் பொருந்தாது.

இத்துடன் இன்னொரு செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் மாணவி பட்டம் பெற்று, தொழில் நகரம் ஒன்றில் அலுவலக வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் என்னைக் காண வந்தபோதுதான் இடைப்பட்ட கதையைச் சொன்னார். அவர் தங்கியிருந்த மகளிர் விடுதியில் ஓர் அறையில் ஆறு பேர். பூட்டி வைக்க அலமாரி கிடையாது. மருந்துக் குப்பியின் பெயர்த்தாளைக் கிழித்துவிட்டு, சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு தோழி அதில் இரண்டைக் கேட்டிருக்கிறார். அன்று இரவே குப்பியை அப்புறப்படுத்தியவர், எட்டு மாதம் மருந்தே உட்கொள்ளவில்லை. சொந்த மாவட்டத்து மையத்துக்கும் போக முடியாது. உறவினர் ஒருவர் அந்த மருத்துவமனையில் பணிபுரிகிறார். பேருந்தில் மூன்று மணி நேரம் பயணம் செய்து வேறொரு மாவட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பயணத்துக்கு அவர் கொடுத்த விலையை நான் மேலே போட்ட ரூபாய்க் கணக்கு காட்டாது.

அவரை மீண்டும் சிகிச்சைக்கு அழைத்து வந்தது எந்தச் சுவரொட்டியும் அல்ல. பராமரிப்பு மற்றும் ஆதரவு மையத்தில் களப்பணியாற்றும் ஒரு பெண்மணி, அவரும் தொற்றுள்ளவர். விட்டுப்போனோர் பட்டியலில் இருந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. உடம்பு எப்படியிருக்கிறது, எங்கே வந்தால் உனக்கு வசதி என்று மட்டுமே கேட்டாராம். துறைத் தலைவர் அறையில் முனைவர் பட்டத்துடன் அமர்ந்திருந்த எனக்குத் தோன்றாத கேள்விகள் அவை.

இந்த ஆதரவு மையங்களின் வரலாறு கவனிக்கத்தக்கது. முன்பு சமுதாயப் பராமரிப்பு மையங்கள் என்ற பெயரில், நோயாளிகள் படுக்கையில் தங்கிச் சிகிச்சை பெறும் இடங்கள் இருந்தன. 2013-இல் அவற்றுக்கு மாற்றாக, விட்டுப்போனவர்களைத் தேடிச் சென்று இணைப்பதை முதன்மைப் பணியாகக் கொண்ட ஆதரவு மையங்கள் 'விஹான்' என்ற பெயரில் வந்தன. இவற்றுக்கான நிதி பெரிதும் உலக நிதியத்தைச் சார்ந்தது. நம் தேசியத் திட்டத்தின் பெரும்பகுதியை இன்று நடுவண் அரசே ஏற்கிறது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ.15,471.94 கோடி. ஆனாலும், விட்டுப்போனவரைத் தேடும் கண்ணி வெளிநாட்டுப் பணத்தில் தொங்குகிறது. 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் சிகிச்சை மையங்களே தடுமாறின. அந்த நிலை நமக்கு வரவில்லை என்பது ஆறுதல். அது தரும் பாடத்தை நாமும் படித்துக்கொள்வது நல்லது.

மருந்துக்குத் தட்டுப்பாடே வராது என்றும் சொல்வதற்கில்லை. 2022 ஜூலையில் தொற்றுள்ளோர் சிலர் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வளாகத்தில் பல வாரங்கள் அமர்ந்து போராடியது நினைவிருக்கலாம். 2001-இல் ஓராண்டுக்கான கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து, பல்லாயிரம் டாலர் விலை சொன்ன உலகச் சந்தையையே புரட்டிப் போட்டது சிப்லா என்னும் இந்திய நிறுவனம். உலகின் மருந்தகம் என்று பெயர் பெற்ற நாட்டில் மாத்திரைக்காக மக்கள் தரையில் அமர நேர்ந்ததற்குக் காரணம் உற்பத்திக் குறைவு அல்ல. கொள்முதலும் விநியோகமும் உரிய காலத்தில் நடக்காமை.

சட்டம் என்ன சொல்கிறது? எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவரின் இசைவின்றிப் பரிசோதனை செய்யக் கூடாது. அவருடைய நிலையை வெளியிடக் கூடாது. கல்வி, வேலை, மருத்துவம், வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது. ஒவ்வொரு மாநிலமும் குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும். அவர் 30 நாள்களுக்குள் ஆணையிட வேண்டும். மருத்துவ நெருக்கடி என்றால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள். நல்ல சட்டம்தான். ஆனால், சிகிச்சை வழங்கும் கடமையைப் பற்றிப் பேசும் பிரிவில் 'இயன்றவரை' என்றொரு சொல் நுழைந்திருக்கிறது. நெருக்கடியில் விரைவை வலியுறுத்த அச்சொல் வந்தால் அதில் பொருள் உண்டு. உயிர் காக்கும் மருந்தைத் தருவதே இயன்றவரை என்றால், இயலாமைக்கு யார் பொறுப்பு? அச்சட்டம் விவாதிக்கப்பட்ட நாளிலேயே தொற்றுள்ளோர் அமைப்புகள் எழுப்பிய இக்கேள்விக்கு இன்னும் விடையில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்றே மாதங்களில், 2018 டிசம்பரில், சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட கொடுமை நிகழ்ந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் பின்னர் உயிரிழந்தார். இரண்டாண்டுகளுக்கு முன்பு அவர் ரத்த தானம் செய்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருந்தும், அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை என்று அப்போது செய்திகள் வெளியாயின. பரிசோதனை நடந்தது; முடிவு பதிவேட்டில் இருந்தது. அதை உரியவரிடம் கொண்டு சேர்க்க வேண்டிய மனிதக் கண்ணி அறுந்திருந்தது. பரிசோதனைகளின் எண்ணிக்கையை மட்டுமே சாதனையாகக் கொண்டாடினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கண்ணியின் பெயர் ஆலோசகர். நம்பிக்கை மையங்களிலும் கூட்டு மருந்துச் சிகிச்சை மையங்களிலும் பணியாற்றும் ஆலோசகர்களும் ஆய்வக நுட்பநர்களும் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள். ஒருவரின் வாழ்விலேயே கடினமான செய்தியை அவரிடம் சொல்லும் பொறுப்பை, தம் அடுத்த ஆண்டு வேலை உறுதியில்லாத ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். நெரிசலான நாளில் ஒரு நோயாளிக்கு அவரால் ஒதுக்க முடிவது சில நிமிடங்கள். மாத்திரை எண்ணிக்கையைக் குறிக்கவே அது போதும். விடுதியில் அலமாரி இருக்கிறதா என்று கேட்க நேரமிராது.

என்ன செய்யலாம்? முதலாவதாக, அளவுகோலை மாற்ற வேண்டும். ஓராண்டுக்கு முன் சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் இன்றும் தொடர்கிறார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு மையமும் தனித்தனியே வெளியிட வேண்டும். குறையும் மையத்தைத் தண்டிப்பது இதன் நோக்கமாகிவிடக் கூடாது. தண்டனைக்கு அஞ்சினால் கணக்குதான் திருத்தப்படும். அங்கே ஆள் வேண்டுமா, இடம் வேண்டுமா என்று அறிந்து உதவுவதற்கே அக்கணக்கு.

இரண்டாவதாக, கொரோனா காலத்தில் பல மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தும் தேசியத் திட்டம் நிலைகுலைந்துவிடவில்லை. உடல்நிலை சீராக உள்ள எவருக்கும் மூன்று மாத மருந்து என்பதை மருந்து இருப்பைப் பொறுத்த சலுகையாக இல்லாமல் உரிமையாகவே ஆக்க வேண்டும். என் எடுத்துக்காட்டில் வந்த தொழிலாளியின் ஆண்டுச் செலவு 9,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாகக் குறையும். வாரத்தில் ஒரு நாள் மாலையிலும், ஞாயிறு காலையிலும் மையம் திறந்திருந்தால் கூலி இழப்பே இராது.

மூன்றாவதாக, வழி எதுவென்று முடிவு செய்யும் உரிமை தொற்றுள்ளவரிடம் இருக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டு வாசலில் மருந்தைக் கொண்டுசேர்க்கிறது. இதையும் அதில் சேர்த்துவிடலாமே என்று நல்லெண்ணத்துடன் சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். என் மாணவி சிரித்துக்கொண்டே மறுத்தார். சர்க்கரை நோயாளியின் வாசலுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அக்கறையின் அடையாளம். தன் வாசலுக்கு வந்தால் அது தெருவுக்கே அறிவிப்பு என்றார். சிலருக்கு வீடு வசதி. சிலருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். சிலருக்கு முகம் தெரியாத தொலைதூர ஊர். மூன்றுக்கும் இடம் தரும் ஏற்பாடே தரமான ஏற்பாடு.

நான்காவதாக, தொற்றுள்ளோர் இன்று நீண்டகாலம் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் மூப்பு வருகிறது, சர்க்கரை வருகிறது, மனச்சோர்வு வருகிறது. தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொற்றுள்ளோரின் உயிரைப் பறிக்கும் நோய்களில் காசநோயே இன்றும் முதலிடத்தில் உள்ளது. இவை ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, தனி நாள் என்று அலைக்கழிக்காமல், வரும் ஒரே நாளில் அனைத்தையும் முடித்து அனுப்ப வேண்டும்.

ஐந்தாவதாக, ஆலோசகர்களின் பணியையும், ஆதரவு மையங்களின் நிதியையும் மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 2009-இலேயே தனி அறக்கட்டளை கண்ட மாநிலம் இது. தொற்றுள்ள ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருக்கான ஆதரவுப் பணியை ஏற்பது நம் நிதிநிலை அறிக்கையில் பெருஞ்சுமையாக இராது.

செலவு என்று தயங்குவோருக்குப் பொருளியல் ஆசிரியனாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒன்பது நாடுகளில் 1,763 இணையரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. ஆய்வு நடந்த இடங்களுள் சென்னையும் ஒன்று. காலத்தே தொடங்கும் சிகிச்சை, துணைவருக்குத் தொற்று பரவுவதை 96 விழுக்காடு குறைக்கிறது என்று அது காட்டியது. கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை என்பது அதன்பின் உறுதியாயிற்று. ஒருவர் ஒழுங்காக மாத்திரை உட்கொள்வதால் அவர் மட்டும் பிழைப்பதில்லை. அவரை அறியாத பலரும் காக்கப்படுகிறார்கள். பலன் ஊருக்கெல்லாம் சேரும்போது, மாத்திரையைத் தேடிப் போகும் நாளின் செலவை மட்டும் அவர் தலையில் கட்டுவது நீதியும் ஆகாது, சிக்கனமும் ஆகாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேடு எடுத்தவன் நான். வந்தவர்களைக் கணக்கிடுவது எளிது. பெயரைப் படித்தால் குரல் வரும். வராதவரின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். நம் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அடுத்த கட்டம், அந்தக் கோடுகள் போடப்பட்ட இரண்டரை லட்சம் பெயர்களிலிருந்து தொடங்கப்பட வேண்டும். அவர்களைத் தேடிச் செல்கிறவர், காரணம் கேட்பதற்கு முன்பு உடல்நிலையைக் கேட்கக் கற்றவராக இருக்கட்டும். எனக்கு அதைக் கற்றுத்தர ஒரு மாணவியும் அவருடைய பாட்டியும் தேவைப்பட்டார்கள்.